போர்த் திரைப்படத் தொடக்கக் காட்சியில் உத்தியும் மொழியும்: சித்தூர் – திருப்பதி இருமொழிச் சூழலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

நூலுக்குப் பாயிரம் எத்தகையதோ அத்தகையது திரைப்படத்திற்குத் தொடக்கக் காட்சி. பாயிரம் கூற வேண்டியவை எனத் தமிழ் இலக்கண மரபு வகுத்தவற்றுள் எல்லை, கேட்போர் என்னும் இரண்டும் அடங்கும். போர்த் திரைப்படத்தின் தொடக்கமும் இவ்விரண்டையே முதலில் வரையறுக்கிறது. எந்த எல்லைக்காகப் போர் நிகழ்கிறது, இப்படத்தைப் பார்ப்பவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பன முதல் சில நிமிடங்களிலேயே முடிவாகிவிடுகின்றன. இம்முடிவை உரையாடல் மட்டும் செய்வதில்லை. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலியமைப்பு ஆகிய உத்திகளே பெரும்பங்கு ஆற்றுகின்றன. எனினும் படம் வேற்றுமொழிக்குச் செல்லும்போது மொழிபெயர்ப்பாளர் கைக்கு வருவது உரையாடல் தாள் மட்டுமே.

உத்தி எங்கு முடிந்து மொழி எங்குத் தொடங்குகிறது என்பதையும், மொழியே உத்தியாக அமையும் இடங்களில் மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. ‘சேவிங் பிரைவேட் ரயன்’ (1998), ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002), ‘காஸி’ (2017) ஆகிய மூன்று படங்களின் தொடக்கங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றைப் பார்க்கும் களமாகச் சித்தூர், திருப்பதி வட்டாரம் கொள்ளப்படுகிறது.

2. களம்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாகக் கூறும் வேங்கடம் இன்றைய திருமலையே. 1911இல் வடஆர்க்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. எல்லைக் கிளர்ச்சியின் விளைவாகத் திருத்தணிப் பகுதி 1960இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடு பலமுறை இடம் மாறியும் பேச்சு அக்கோட்டைப் பின்பற்றவில்லை. சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் ஆகிய ஊர்களில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே திண்ணையில் வழங்குகின்றன. குப்பத்தில் கன்னடமும் உடன் நிற்கிறது. 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் அங்கு நிறுவப்பட்டமை பொருத்தமானதே. திருமலையில் பக்தர் கூட்டத்துக்கான அறிவிப்புகள் பல மொழிகளில் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. தன் மொழி வரும்வரை மற்றவற்றை வெறும் ஒலியாகக் கேட்டுக் காத்திருத்தல் அங்கு நிற்கும் எவருக்கும் பழக்கமான ஒன்று.

இப்பழக்கம் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. புரியாத மொழியை ஒலியாகக் கேட்பவரும், அதே ஒலியைப் பொருளாகக் கேட்பவரும் ஒரே திரையரங்கில் அருகருகே அமர்ந்திருக்கும் நிலை இவ்வட்டாரத்தில் இயல்பானது. திரைப்பட மொழிபெயர்ப்புக் கொள்கைகள் பெரும்பாலும் ஒருமொழிப் பார்வையாளரையே கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டுள்ளன. இருமொழிப் பார்வையாளர் அக்கொள்கைகளுக்கு ஓர் உரைகல் ஆகிறார்.

3. ஓமாகா கடற்கரை: உத்தி மொழியை விழுங்கும் இடம்

3.1 ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘சேவிங் பிரைவேட் ரயன்’, நார்மண்டியில் உள்ள படைவீரர் கல்லறையில் ஒரு முதியவர் நடந்து வருவதில் தொடங்குகிறது. ஒரு சிலுவைக் கல்லின் முன் அவர் மண்டியிடுகிறார். ஒளிப்பதிவுக் கருவி அவர் கண்களை மிக அண்மையில் நெருங்குகிறது. உடனே காட்சி 1944 ஜூன் 6ஆம் நாளைய ஓமாகா கடற்கரைக்கு வெட்டப்படுகிறது. படகில் நடுங்கும் ஒரு கை, பின்னர் அக்கைக்குரிய காப்டன் மில்லரின் முகம். முதியவரே மில்லர் என்று பார்வையாளர் கொள்கிறார். படத்தின் முடிவிலோ அம்முதியவர் ரயன் என்று தெரியவருகிறது. ரயன் அக்கடற்கரையில் இறங்கியவரே அல்லர்.

மொழியியலார் இவ்வெட்டினைச் சுட்டுப்பெயரோடு ஒப்பிட்டு நோக்கலாம். ‘அவன்’ என்னும் சொல் முன்னர் வந்த பெயரைச் சுட்டும் என்று கேட்போர் எதிர்பார்ப்பர். முன்னர் வந்த பெயர்கள் இரண்டாயின் மயக்கம் தோன்றும். அண்மைக் காட்சியை அடுத்து வரும் வெட்டு, ‘அவர் நினைத்தார்’ எனப் பொருள்படுவது திரைமொழியின் நிலைபெற்ற வழக்கு. இங்கு அவ்வழக்கு வேண்டுமென்றே மயங்க வைக்கப்பட்டுள்ளது. இதனைக் குறையாகக் கூறுவாரும் உளர். ஒருவன் காணாத போரை அவன் நினைவாகக் காட்டுதல் முறையன்று என்னும் அவ்வாதம் வலியதே. ஆயினும் தனக்காக இறந்தோரின் நினைவைத் தன் நினைவாகச் சுமப்பவனின் கதை இது என்பதால், அம்மயக்கத்துக்கு ஒரு நியாயம் உண்டு எனலாம்.

3.2 ஒளிப்பதிவாளர் யானுஸ் காமின்ஸ்கி இக்காட்சிக்கு ஷட்டர் கோணத்தைக் குறைத்தார். வழக்கமான கோணம் 180 பாகை. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் படத்தில் ஒவ்வொரு சட்டமும் ஒளிபெறும் நேரம் அப்போது நொடியில் 48இல் ஒரு பங்கு. 90 பாகையில் அது 96இல் ஒரு பங்காகவும் 45 பாகையில் 192இல் ஒரு பங்காகவும் குறைகிறது. ஓடும் மனிதனின் உருவில் இயல்பாகப் படியும் மங்கல் நீங்கி, ஒவ்வொரு சட்டமும் தனித்தனியே கூர்மையாகத் தெறிக்கிறது. மணல் துகள்கள் எண்ணத்தக்கனவாய்த் தோன்றுகின்றன. அசைவு தொடராமல் துண்டு துண்டாகிறது. இலக்கண மொழியில் கூறின், இணைப்பிடைச் சொற்கள் யாவும் நீக்கப்பட்ட வாக்கியம் போன்றது இது.

கையில் ஏந்திய கருவி வீரர்களின் முழங்கால் உயரத்தில் ஓடுகிறது, நீரில் மூழ்கி எழுகிறது. அதன் வில்லையில் நீரும் குருதியும் தெறிக்கின்றன. வில்லையில் படிந்த துளி, ‘இங்கே ஒரு கருவி உள்ளது’ என்று காட்டிக்கொடுக்கும். புனைகதைப் படங்களில் தவறாகக் கருதப்படும் இது, செய்திப்படச் சாயலைத் தரும் சான்றாக இங்கு மாறுகிறது.

3.3 ஒலியமைப்பே இக்காட்சியின் உயிர்நிலை. ஜான் வில்லியம்ஸ் இசையமைத்த படமாயினும், தரையிறங்கும் போரின்போது பின்னணி இசை இல்லை. நீருக்குள் கருவி மூழ்கும்போது வெடியொலி மழுங்குகிறது. மேலெழுந்ததும் அலறல் மீள்கிறது. மில்லரின் அருகே குண்டு வெடித்ததும் அவர் செவி அடைத்துப்போகிறது. பார்வையாளர் செவியும் அதனோடு அடைக்கப்படுகிறது. ஒரு வீரன் அவர் முகத்துக்கு நேரே வாயசைக்கிறான். சொல் கேட்கவில்லை. ஒலி திரும்பியபின், இனி என்ன செய்வது என்று அவன் கேட்பது தெரியவருகிறது.

இவ்விடம் மொழிபெயர்ப்பாளர் நின்று சிந்திக்கத்தக்கது. ஒலி அடைபட்ட நேரத்தில் மொழிபெயர்க்க எதுவும் இல்லை. அவ்வெறுமையைச் சப்டைட்டிலால் நிரப்பின் காட்சி அழியும். ஒலி மீண்டபின் வரும் வினாவிலோ தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’ என இரண்டு. ‘நாம் என்ன செய்வது’ எனின் அதிகாரியும் வீரனும் ஒரே மணலில் கிடக்கும் மனிதர். ‘நாங்கள் என்ன செய்வது’ எனின் ஆணைக்குக் காத்திருக்கும் படை. ‘இப்ப என்ன செய்றது சார்’ என்னும் பேச்சுவழக்குத் தொடரோ இருவரையும் சொல்லாமல் தப்பிவிடுகிறது. செவி அடைபட்டு மீண்ட ஒரு மனிதன் முதலில் கேட்கும் சொல் இது என்பதை நோக்கின், எழுவாய் அற்ற மூன்றாம் தொடரே பொருந்தும் என்று தோன்றுகிறது. உதடு அசைவுக்கு இணங்கவேண்டிய டப்பிங்கிலும் அது இடையூறு செய்வதில்லை.

4. மொழிபெயர்க்கப்படாத செக் மொழி

கடற்கரை பிடிபட்டபின் இரு வீரர்கள் கைகளை உயர்த்திக்கொண்டு சரணடைய வருகின்றனர். அவர்கள் ஏதோ மன்றாடுகின்றனர். அமெரிக்க வீரர்கள் இருவர் அவர்களைச் சுட்டுவிடுகின்றனர். இறந்தவர் என்ன சொன்னார் என்று ஒருவன் கேட்க, சாப்பாட்டுக்குக் கை கழுவிவிட்டேன் என்றாராம் என மற்றவன் கேலியாகப் ‘பெயர்த்து’ச் சொல்கிறான். திரையில் சப்டைட்டில் இல்லை. மன்றாடியவர் பேசியது செக் மொழி. தாங்கள் ஜெர்மானியர் அல்லர், செக் நாட்டவர், யாரையும் கொல்லவில்லை, சுடவேண்டாம் என்பதே அவர்கள் கூறியது. ஜெர்மானியப் படையில் பிறநாட்டார் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட வரலாற்றுச் செய்தி இதன் பின்னே உள்ளது.

இங்கு மொழியே ஓர் ஒலி உத்தியாகிவிடுகிறது. செக் அறியாதவருக்கு அது பகைவரின் கூச்சல். சுட்ட வீரனின் அறியாமையில் அவரும் பங்காளி ஆகிறார். செக் அறிந்தவரோ அரங்கில் தனித்த சாட்சி. அவர் கேட்டதைப் பக்கத்தில் இருப்பவர் கேட்கவில்லை. ஒரே காட்சி, ஒரே அரங்கில், இரண்டு படங்களாகப் பிளவுறுகிறது. தொடக்கக் காட்சியில் வரும் ஒரே மொழிபெயர்ப்புப் பொய்யான மொழிபெயர்ப்பு என்பதும் நோக்கத்தக்கது. அடுத்து, தம் மொழிபெயர்ப்பாளர்களைக் கடற்கரையில் இழந்த மில்லர் புதியவன் ஒருவனைத் தேடிச் செல்கிறார். கதையே மொழிபெயர்ப்பாளர் இன்மையிலிருந்துதான் முன்னகர்கிறது.

எல்லாவற்றையும் புரியவைத்தல் மொழிபெயர்ப்பாளரின் அறம் என்று பொதுவாகக் கொள்கிறோம். இக்காட்சியில் செக் சொற்களைத் தமிழாக்கிக் கீழே இடுபவர் பார்வையாளருக்கு ஓர் உண்மையைத் தருகிறார். ஆனால் அவ்வுண்மை இல்லாமல் கொலை நடந்தது என்னும் பெரிய உண்மையை அவர் பறித்துவிடுகிறார். ஆகவே இங்கு மொழிபெயர்க்காதிருத்தலே மொழிபெயர்ப்பு என்பது கட்டுரையாளர் துணிபு.

5. மாங்குளம்: உத்தி ஒதுங்கி நிற்கும் இடம்

5.1 தமிழ்த் திரை போரை அறியாதது அன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தின் ‘பர்மா ராணி’, ‘மானசம்ரட்சணம்’ ஆகியன 1945இல் வெளிவந்தன. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954), சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943 அக்டோபர் நாட்களைப் பின்னணியாகக் கொண்டது. பாடல் ஒன்றும் இல்லாத அப்படம் ஒரு துப்பாக்கிச் சூட்டில் தொடங்குகிறது. எனினும் போர் நிகழும் நிலத்தையே தொடக்கமாகக் கொண்ட தமிழ்ப் படங்களுள் மொழிநிலையில் மிகுந்த ஆய்வுக்குரியது மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’.

5.2 இப்படம் இலங்கையின் மாங்குளத்தில் ஒரு திருமணத்தோடு தொடங்குகிறது. மாங்குளம், கண்டி – யாழ்ப்பாணம் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். 1990இலும் அதன் பின்னரும் போர் கண்ட நிலம். சியாமா, திலீபன் என்னும் இருவர் மணம் புரிகின்றனர். சில நாள் வாழ்க்கை. படையினர் வருகை. கணவன் காட்டுக்குள் மறைகிறான். கருவுற்ற பெண் அகதியாய் இராமேசுவரம் வந்து சேர்ந்து, முகாமில் பெண்குழந்தை பெற்று, அதனை விட்டுவிட்டுத் திரும்புகிறாள். கதை பின்னர்ச் சென்னைக்கு வந்து, அக்குழந்தையான அமுதாவின் பார்வையில் தொடர்கிறது.

ஓமாகாவில் போர் பார்வையாளரைச் சூழ்ந்து தாக்குகிறது. மாங்குளத்திலோ போர் சட்டத்தின் விளிம்புக்கு வெளியே காத்திருக்கிறது. ரவி கே. சந்திரனின் ஒளிப்பதிவும், தேசிய விருது பெற்ற ஏ. ஸ்ரீகர் பிரசாத்தின் படத்தொகுப்பும் இங்குப் பிரிவின் வேகத்தையே அளக்கின்றன. திருமணம், பிரிவு, படகு, பிறப்பு, மீள்தல் என ஒரு முழு வாழ்க்கை, பிற படங்களில் ஒரு முன்கதைக்கு ஆகும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. இச்சுருக்கம் ஒரு பொருள் தருகிறது. போர்நிலத்தில் இல்லறம் பெறும் காலம் இவ்வளவே.

5.3 ஓமாகாவில் ஷட்டர் செய்த வேலையை மாங்குளத்தில் செய்வது பேச்சுவழக்கு எனலாம். தொடக்கத்தில் ஒலிப்பது ஈழத்தமிழ்ச் சாயல். சென்னைக்கு வந்ததும் பேச்சு மாறுகிறது. கடல் கடந்த தொலைவைத் தமிழ்ப் பார்வையாளர் கண்ணால் காண்பதற்கு முன் காதால் கேட்டுவிடுகிறார். இரண்டும் தமிழ். ஆயினும் ஒன்றன்று. பேசுதலைக் ‘கதைத்தல்’ என்பதும், உடன்பாட்டை ‘ஓம்’ என்பதும், ‘போறன், வாறன்’ என வினை முடிவதும் ஈழவழக்கின் பொது இயல்புகள். ‘நம்மவர்’, ஆனால் ‘இங்குள்ளவர் அல்லர்’ என்னும் உறவை உரையாடலின் பொருள் சொல்லவில்லை. அதன் ஒலியே சொல்கிறது. அமுதா தன் தாயைத் தேடிச் செல்லும் பின்கதை முழுவதும் இவ்வொலி வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

6. ‘அம்ருதா’: எல்லை கடக்கும் சிக்கல்

6.1 இப்படம் ‘அம்ருதா’ என்னும் பெயரில் தெலுங்கில் மொழிமாற்றம் செய்யப்பட்டது. பெயரிலேயே முதல் இழப்பு நேர்கிறது. தமிழ்த் தலைப்பு பாரதியின் குழந்தைப் பாட்டுத் தொடர். அத்தொடரைக் கேட்டதும் மேலெழும் தாய்மையுணர்வு தெலுங்குக் காதுக்கு எட்டாது. எனவே குழந்தையின் பெயரே தலைப்பாயிற்று. அமுதம், அமிர்தம் என்னும் சொல்லுறவு இம்மாற்றத்துக்கு இடந்தந்தது. இது அறிவுடைய தேர்வு என்றே கொள்ளவேண்டும்.

6.2 இரண்டாம் சிக்கல் ஆழமானது. சென்னைத் தமிழுக்கும் ஈழத்தமிழுக்கும் உள்ள உறவைப்போல, கடல்கடந்த தாயகம் ஒன்றையும் அதன் போரையும் சுமந்த வழக்கு தெலுங்கில் இல்லை. மொழிபெயர்ப்பாளர் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, இரு நிலத்தாரையும் திரைத்துறையின் பொதுத் தெலுங்கிலேயே பேசவைத்தல். இது எளிது. ஆயின் மாங்குளமும் சென்னையும் செவிக்கு ஒன்றாகிவிடுகின்றன. கடல் வற்றிவிடுகிறது.

இரண்டாம் வழி, வேறொரு வட்டார வழக்கை ஈடாக வைத்தல். பொதுத் தெலுங்கிலிருந்து விலகியும், தமிழை ஒட்டியும் நிற்பது என்ற முறையில் இராயலசீமை வழக்கு, சிறப்பாகச் சித்தூர் வழக்கு, நினைவுக்கு வரும். ஆனால் அவ்வழக்கின்மேல் திரைப்படம் ஏற்கெனவே ஒரு சுமையை ஏற்றிவைத்துள்ளது. ‘சமரசிம்ம ரெட்டி’ (1999) முதலான படங்களுக்குப் பின் இராயலசீமைப் பேச்சு என்றாலே குடும்பப்பகையும் அரிவாளும் நினைவுக்கு வருமாறு ஆயிற்று. ‘புஷ்பா’ (2021) சித்தூர் வழக்கை நாடெங்கும் கேட்கச் செய்தது. ஆயினும் அங்கும் அது செம்மரக் கடத்தல்காரனின் மொழி. அகதியின் பேச்சுக்கு இவ்வழக்கை ஈடாக்கின், பாதிக்கப்பட்டவள் வாயில் வன்முறையாளன் குரல் ஒலிக்கும். இருவகையில் அநீதி நேரும். ஈழப்பெண்ணின் துயரமும் திரிபுறும். தம் தாய்ப்பேச்சை மீண்டும் போரோடு சேர்த்துக் கேட்கும் சித்தூர் மக்களின் மதிப்பும் குறையும்.

மூன்றாம் வழி, ஓமாகாவின் செக் மொழி கற்றுத்தரும் வழி. தொடக்கக் காட்சியின் சில தொடர்களை, குறிப்பாக விளிப்பெயர்களையும் வாழ்த்தையும் விடைபெறுதலையும், மூலத் தமிழிலேயே விட்டுவிடுதல். விசாகப்பட்டினத்துப் பார்வையாளருக்கு அது அயல்நிலத்தின் ஒலி. வேண்டிய தொலைவு கிட்டிவிடுகிறது. சித்தூர்ப் பார்வையாளருக்கோ அது பக்கத்து வீட்டு மொழி, ஆனால் பக்கத்து வீட்டார் பேசாத விதத்தில். மூலத்தில் தமிழ்ப் பார்வையாளர் அடைந்த ‘நம்மவர், ஆனால் அல்லர்’ என்னும் உணர்வை ஏறத்தாழ அவ்வாறே அடையக்கூடியவர் அவரே.

இவ்வழியிலும் இடர் உண்டு. ‘ஓம்’ என்னும் உடன்பாட்டுச் சொல் தெலுங்குச் செவியில் பிரணவ மந்திரமாகவே விழும். திருமண வீட்டில் அது பொருந்துவதுபோல் மயக்கித் தவறான பொருள் தரும். ‘கதை’ என்பது தெலுங்கர்க்குக் கதையாகவே படும். ஆகவே விடவேண்டிய சொற்களைத் தேர்ந்தெடுத்தலே இங்கு மொழிபெயர்ப்பாளரின் கலை. ஒலி புதிதாயும் பிறழ்பொருள் தராததாயும் உள்ளவை மட்டும் நிற்கத்தக்கன.

7. ‘காஸி’: உருவமற்ற குரல்

சங்கல்ப் ரெட்டி இயக்கிய ‘காஸி’, 1971 போரில் விசாகப்பட்டினத்தை அடுத்த கடலில் மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கியைப் பொருளாகக் கொண்டது. தெலுங்கிலும் இந்தியிலும் எடுக்கப்பட்டுத் தமிழிலும் வந்தது. அதன் கதைசொல்லிக் குரல் இந்தியில் அமிதாப் பச்சனுடையது, தெலுங்கில் சிரஞ்சீவியுடையது, தமிழில் சூர்யாவுடையது. கதைசொல்லிக்கு உதடு இல்லை. ஆதலின் உதடு அசைவுக்கேற்பச் சொல்லைச் சுருக்கும் தொல்லை மொழிபெயர்ப்பாளர்க்கு இல்லை. ஆனால் குரலுக்கு ஊர் உண்டு. அவரவர் மொழியில் அறிந்த ஒருவர் போரை அறிமுகம் செய்யும்போது, அது ‘நம் போர்’ ஆகிவிடுகிறது.

இவ்விடத்தில் தன்மைப் பன்மை மீண்டும் முன்வருகிறது. இந்தியின் ‘ஹம்’ இருபொருளும் தாங்கும். தமிழின் ‘நாம் – நாங்கள்’ போலத் தெலுங்கும் ‘மனம் – மேமு’ எனப் பகுத்துள்ளது. தேசப் போரைச் சொல்லும் குரல் உளப்பாட்டுப் பன்மையைத் தேர்ந்தால், அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் படையில் சேர்க்கப்படுகிறார். மற்றதைத் தேர்ந்தால் அவர் வெறும் கேட்போர். இந்தியிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ பெயர்ப்பவர் இத்தேர்வைச் செய்தே தீரவேண்டும். மூலம் மௌனம் காத்த இடத்தில் தமிழும் தெலுங்கும் பேசிவிடுகின்றன.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. போர்ப்படத் தொடக்கத்தில் ஒளி, வெட்டு, ஒலி ஆகியன இலக்கணத்தின் பணிகளைச் செய்கின்றன. அவ்வாறே மொழியும் ஒலியுத்தியின் பணியைச் செய்கிறது. உத்தியாக நிற்கும் மொழியைப் பொருளாக மட்டும் பெயர்த்தல் பிழை. வழக்கு வேறுபாட்டுக்கு வேறொரு வட்டார வழக்கை ஈடாக்குமுன், அவ்வழக்கின்மேல் திரை ஏற்றிவைத்துள்ள சுமையை எடைபோடல் வேண்டும். சில சொற்களைப் பெயர்க்காது விடுதலும் மொழிபெயர்ப்பின் முறைகளுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.

உரையாடல் தாளோடு ஒலித்தடத்தையும் மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுப்பதும், எந்தத் தொடர் கேட்கப்படுவதற்கு, எந்தத் தொடர் புரிவதற்கு என மூலத்திலேயே குறித்துத் தருவதும் படத்துறையினர் மேற்கொள்ளத்தக்க நடைமுறை. மொழிமாற்றுப் படத்தைச் சோதித்துப் பார்க்கும் முதல் அரங்கு பெருநகரில் அமையவேண்டும் என்பது இல்லை. சித்தூரில் அமைந்தால், ஒரே வரிசையில் அமர்ந்துள்ள இருவருள் ஒருவர் கேட்பதும் மற்றவர் உணர்வதும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது அன்றே தெரியவரும். கைகளை உயர்த்தி மன்றாடியவனின் மொழி அறிந்த ஒருவர் அக்கடற்கரையில் இருந்திருப்பின் இரண்டு உயிர்கள் எஞ்சியிருக்கும். அத்தகையவர் வேங்கடத்தின் அடிவாரத்தில் ஒவ்வொரு தெருவிலும் உள்ளனர்.